தோர்தோன் பக்கம் ஏப்ரல் விடுமுறை: எந்தக் குகை, எந்த அருங்காட்சியகம்?

பொபினி வாசகி

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் பள்ளி விடுமுறைக்குத் தென்மேற்குப் பிரான்சின் தோர்தோன் மாவட்டத்தில், சார்லா ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீட்டை ஒரு வாரத்துக்கு எடுத்திருக்கிறோம். நான், கணவர், 14 வயது மகள், 8 வயது மகன், கூடவே மாமியார். அவருக்கு முழங்கால் வலி. சமதரையில் நடந்துவிடுவார், படி ஏற்றம் என்றால் உட்கார்ந்துகொள்வார். கார் இருக்கிறது.

போன முறை லுவார் பக்கம் போய்க் கோட்டை கோட்டையாக ஏறி இறங்கியதில் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. இந்த முறை அருங்காட்சியகம், கண்காட்சி என்று போகலாம் என்பது மகளின் யோசனை. தொல்பழங்கால ஓவியங்கள் இருக்கும் லஸ்கோ குகைக்குப் போகாமல் வராதே என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அங்கே காட்டுவது நகலாமே? நகலைப் பார்க்க ஐந்து பேருக்கு டிக்கெட் எடுப்பது சரியா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பொடியன் 93

நகல்தான். பெரியவருக்கு 20 யூரோவுக்கு மேலே. பாரிசிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டிப் போய்ப் போலிச் சுவரைப் பார்ப்பதா? என் ஓட்டு: வேண்டாம். ஆற்றில் படகு விடுங்கள், பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள்.

கற்குவியல்

பொடியன் தம்பி, அவசரப்படாதீர்கள். அந்த நகல் எப்படி வந்தது என்பதே பார்க்க வேண்டிய கதை.

1940 செப்டம்பர் 12 அன்று மோந்தினியாக் ஊருக்கு மேலே இருந்த காட்டில் மார்செல் ரவிதா என்ற இளைஞனும் இன்னும் மூன்று பையன்களும் ஒரு துளைக்குள் இறங்கினார்கள். உள்ளே போனால் எருதுகளும் குதிரைகளும். மிகப் பெரிய எருது ஐந்து மீட்டருக்கும் மேல் நீளம். போர் முடிந்து 1948-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வாசலை அகலமாக்கி, படி கட்டி, விளக்குப் போட்டார்கள். ஐம்பதுகளில் நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்துபோனார்கள். அத்தனை பேரின் மூச்சு, உடல் சூடு, செருப்பில் வந்த மண் எல்லாம் சேர்ந்ததில் சுவரில் பச்சைப் பாசி பிடித்தது. இன்னொரு பக்கம் சுண்ணாம்புப் படலம். 1963-இல் கலாசார அமைச்சராக இருந்த ஆந்த்ரே மால்ரோ குகையை மூடினார். அதன் பிறகு 2001-இல் வெள்ளைப் பூஞ்சை, அதற்கு அப்புறம் கறுப்புப் புள்ளிகள். இன்றைக்கும் நோயாளி மாதிரி வைத்துத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். கண்காணிப்பவர்களும் ஆய்வாளர்களும் மட்டும் அளந்த நேரத்துக்கு உள்ளே போகலாம்.

அதனால்தான் 1983-இல் லஸ்கோ 2 வந்தது. அசல் குகையிலிருந்து சில நூறு மீட்டரில், மலைக்குள் புதைத்த நகல். எருதுகளின் கூடமும் அதையொட்டிய நடையும் மட்டும். மோனிக் பெய்த்ரால் என்ற ஓவியர் ஏறக்குறைய பத்து வருடம் அதிலேயே கிடந்து வரைந்தார். லஸ்கோ 3 ஊர் ஊராகச் சுற்றும் கண்காட்சி. நீங்கள் போகப் போவது 2016 டிசம்பரில் திறந்த லஸ்கோ 4. நார்வேயின் ஸ்னோஹெட்டா நிறுவனம் வடிவமைத்த கட்டடம். குகையின் பெரும்பகுதியை லேசர் கொண்டு அளந்து, மேடு பள்ளம் உட்படத் திரும்பச் செய்திருக்கிறார்கள்.

முதலில் வழிகாட்டியோடு குகைப் பகுதி. உள்ளே அசல் போலவே குளிர வைத்திருப்பார்கள், மாமியாருக்குச் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு பெரிய கூடத்தில் ஓவியச் சுவர்களின் பகுதிகள் தனித்தனியாகத் தொங்கும், அங்கே உங்கள் இஷ்டத்துக்கு நின்று பார்க்கலாம். சக்கர நாற்காலி போகிற மாதிரிதான் கட்டியிருக்கிறார்கள். ஏப்ரலிலும் இணையத்தில் முன்பே நேரம் பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

பொடியன் 93

கதை நல்லாத்தான் இருக்கிறது அண்ணா. ஆனால் நகல் நகல்தானே. ஈபிள் கோபுரத்தின் படத்தை வீட்டில் மாட்டிவிட்டுப் பாரிஸ் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா?

கோடுகள்

நான் ஓவியம் சொல்லித் தருகிறவள். பொடியன் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம்.

நகலில் வரைந்தவனின் கை தெரியாது. ஆனால் அளவு தெரியும். எருதின் முதுகுக் கோடு பாறையின் வளைவோடு எப்படி ஓடுகிறது, கூரையில் வரைந்தவன் எங்கே நின்றிருப்பான் என்பதெல்லாம் புத்தகத்தில் பார்த்தால் தெரியவே தெரியாது. லஸ்கோ 4 கொடுப்பது அதைத்தான். அதைத் தாண்டி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

மனிதன் பல்லாயிரம் வருடத்துக்கு முன்னால் கையால் தொட்ட அதே சுவருக்கு முன்னால் நிற்க வேண்டும் என்றால் அரை மணி நேரம் கார் ஓட்டி லேசெசி ஊருக்குப் போங்கள். அங்கே ஃபோன்-து-கோம் குகை. பல வண்ணத்தில் வரைந்த காட்டெருமைகள், அசல், இன்றைக்கும் உள்ளே விடுகிறார்கள். சிறு சிறு குழுவாக, மிகக் குறைவான பேரை மட்டும். பொதுமக்கள் பார்க்க முடிகிற பல்வண்ண அசல் குகை ஓவியம் பிரான்சில் வேறு எங்கே என்று தேடிப் பாருங்கள், விரல் விட்டு எண்ணத் தேவையில்லை.

முதல் நிமிடத்தில் எதுவுமே தெரியாது. வழிகாட்டி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து மெல்ல நகர்த்துவார். அப்போது ஒரு கால், ஒரு திமில், ஒரு கண் என்று பாறையிலிருந்து விலங்கு எழும்பி வரும். இரண்டு கலைமான்கள் எதிரெதிரே, ஒன்று தலையைத் தாழ்த்தியிருக்கும், மற்றது அதன் நெற்றியை நக்குகிற மாதிரி. மங்கல்தான். லஸ்கோவின் பளிச்சென்ற நிறத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் 'இவ்வளவுதானா' என்று முணுமுணுப்பதையும் கேட்டிருக்கிறேன்.

ஆனால் வாசகி, டிக்கெட் கொடுக்கும் இடத்திலிருந்து குகை வாசலுக்கு நல்ல ஏற்றம். மாமியாரால் முடியாது என்றே நினைக்கிறேன்.

பொபினி வாசகி

கோடுகள் அக்கா, நன்றி. ஒரே நாளில் இரண்டும் பார்க்கலாமா? மகள் அசல்தான் வேண்டும் என்கிறாள். மகனுக்கு எதுவும் அசைய வேண்டும், சத்தம் வர வேண்டும். மாமியாரைக் காரில் விட்டுவிட்டுப் போக மனசு வராது.

தெல்லிப்பழை அக்கா

தங்கச்சி, ஒரே நாளில் இரண்டு குகை வேண்டாம். பிள்ளைகள் களைத்துப் போவார்கள், அடுத்தது எது எங்கே பார்த்தது என்று ஒருவருக்கும் ஞாபகம் இராது.

மாமியையும் மகனையும் சேர்த்துச் சந்தோஷப்படுத்த ருஃபின்யாக் குகைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. உள்ளே மின்சார ரயில் ஓடுகிறது. சின்ன ரயில், இருந்தபடியே ஒரு கிலோமீட்டர் உள்ளே போய் வரலாம். அம்மாவும் அப்படித்தான் பார்த்தா. மம்மூத் யானைகள் 150-க்கு மேலே வரைந்திருக்கு, அதுவும் அசல்தான். சுவரிலே குகைக் கரடிகள் நகத்தாலே பிறாண்டின கோடும், அதுகள் படுத்து எழும்பின குழிகளும் கிடக்கு. என்ரை பெறாமகனுக்கு மம்மூத்தை விடக் கரடிக் குழிதான் பிடிச்சது.

பனிக்காலத்தில் பூட்டியிருக்கும். நீங்கள் போற ஏப்ரலில் திறந்திருக்கும். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், போனைப் பைக்குள்ளே வையுங்கோ.

கற்குவியல்

அக்கா சொன்ன ருஃபின்யாக் நல்ல தேர்வு. அந்தக் குகை பல நூற்றாண்டாக ஊருக்குத் தெரிந்த குகை. வந்தவர்கள் தங்கள் பெயரை மெழுகுவர்த்திப் புகையால் கூரையில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பெயர்களுக்குக் கீழேயே மம்மூத்துகள். 1956-இல் ஆய்வாளர்கள் இவை தொல்பழங்கால ஓவியம் என்று அறிவித்தபோது, 'யாரோ அண்மையில் கிறுக்கியது' என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். பத்திரிகைகளில் பெரிய சண்டையே நடந்தது. பொடியன் தம்பிக்கு இந்தக் குகை பிடிக்கும், அசலையே போலி என்று சொன்ன ஊர்.

பொடியன் 93

ஹா ஹா. சரி, இது ஏற்றுக்கொள்கிறேன்.

புதுவைச் சந்து

எல்லோரும் குகை குகை என்று ஓடுகிறீர்கள். கேள்வி அருங்காட்சியகம் பற்றி அல்லவா?

லேசெசியில் தேசியத் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. பாறைச் சரிவை ஒட்டிய பழைய கோட்டையில் தெனி பெய்ரோனி தொடங்கியது, 2004-இல் பக்கத்தில் புதுக் கட்டடம் வந்தது. குகையில் கிடைத்த கருவி, எலும்பு, செதுக்கல் எல்லாம் இங்கேதான். எனக்குப் பிடித்தது மத்லேன் பாறைக் குடையில் கிடைத்த ஒரு காட்டெருமை. கலைமான் கொம்பில் செதுக்கியது, உள்ளங்கையில் அடங்கிவிடும். கொம்பில் இடம் போதவில்லை போலும், தலையைப் பின்னால் திருப்பித் தன் விலாவை நக்குகிற மாதிரி செய்துவிட்டான் செதுக்கியவன். நாக்குக்கூடத் தெரியும். லஸ்கோவின் ஐந்து மீட்டர் எருதை இதற்காக விட்டுக்கொடுப்பேன்.

கட்டணம் பற்றி ஒன்று. அது தேசிய அருங்காட்சியகம், ஆகவே 18 வயதுக்குக் கீழே யாரானாலும் இலவசம். ஐரோப்பிய ஒன்றியத்தில் முறைப்படி வசிப்பவர் என்றால் 26 வயதுக்குக் கீழேயும் இலவசம். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேண்டியதில்லை, வதிவிட அட்டை இருந்தால் போதும். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம். லஸ்கோ 4 தேசிய அருங்காட்சியகம் இல்லை, அங்கே இந்தச் சலுகை செல்லாது.

அதே ஊரில் தொல்பழங்கால விளக்க மையம் ஒன்று உண்டு, அதற்கு எப்போதும் கட்டணம் இல்லை. மழை பெய்தால் அங்கே ஒதுங்கலாம். முதலில் அதைப் பார்த்துவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போனால் எந்தக் காலம் எதற்கு முன்னால் என்ற குழப்பம் பிள்ளைகளுக்குக் குறையும்.

இரவுப்பணி

க்ரோ-மான்யோன் என்ற பழைய கற்கால மனிதன் கிடைத்ததும் லேசெசியில்தானே? எலும்புக்கூடு அங்கே இருக்குமா?

புதுவைச் சந்து

கிடைத்தது அங்கே, 1868-இல், ரயில் பாதை வேலை நடந்தபோது. ஆனால் அந்த மண்டையோடு இருப்பது பாரிஸ் த்ரோக்காதேரோவில், மனித அருங்காட்சியகத்தில். மெத்ரோவில் போய்ப் பார்க்கலாம்! லேசெசியில் இருப்பது ரோக்-து-மார்சாலில் கிடைத்த, அழிந்துபோன நியாண்டர்தால் மனித இனத்துக் குழந்தையின் எலும்புக்கூடு. அதைப் பார்த்தால் மனசு என்னவோ செய்யும், சின்னப் பையனிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

கோடுகள்

புதுவை சொன்னதைக் கேட்டால் ஒன்று தோன்றுகிறது. அந்தப் பகுதி முழுக்கவே இப்படித்தான். குகையின் ஓவியம் மூடிக் கிடக்கிறது, நகல் வெளியே நிற்கிறது. மண்டையோடு பாரிசில். தெற்கே பிரோன் கோட்டைத் தேவாலயத்தில் இருந்த இரண்டு பெரிய சிற்பத் தொகுதிகளை, இயேசுவைக் கல்லறையில் வைக்கும் காட்சி உட்பட, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்றுவிட்டார்கள். அவை இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். ஆகவே ஓர் இடத்துக்குள் நுழையும்போதே 'இங்கே அசலாக இருப்பது எது' என்று கேட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள் மகளிடம். 14 வயதுக்கு நல்ல விளையாட்டு. பதில் சில சமயம் சுவரில் மாட்டியிருப்பதாக இருக்காது, அந்தச் சுவராகவே இருக்கும்.

தெல்லிப்பழை அக்கா

மகளுக்கு இன்னொன்று. மிலாந்து கோட்டை. கோட்டை என்று பயப்பட வேண்டாம், உள்ளே முழுக்க ஆடல் பாடல் கலைஞர் ஜோசஃபின் பேக்கரின்ரை வாழ்க்கை. அவ 1947-இல் வாங்கினவ. உலகத்தின் பல மூலையிலிருந்து 12 பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தவ. போர்க்காலத்தில் பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்துக்கு உளவு வேலை செய்தவ. கடைசியில் கடனில் மூழ்கி, 1969-இல் அந்த வீட்டிலிருந்தே வெளியேற்றப்பட்டவ. 2021-இல் நாட்டின் பெரியவர்களை வைத்துப் போற்றும் பாரிஸ் பாந்தெயோனில் இடம் கொடுத்தார்கள். மேடை உடுப்புகள், அந்த வாழைப்பழ இடுப்புப் பட்டி, படங்கள் எல்லாம் அறை அறையாக வைத்திருக்கினம். சமையலறையைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டை இழந்த ஆட்கள் நாங்கள், சொல்லவா வேண்டும்.

படி இருக்கு. மாமி கீழே தோட்டத்தில் இருக்கலாம். பருந்து, கழுகு பறக்கவிட்டுக் காட்டுகிற நிகழ்ச்சி அங்கேதான், மகனையும் அவவோடு விடலாம்.

பொடியன் 93

இது தெரியாதே! இதற்கு நான் போவேன்.

கற்குவியல்

வாசகி, நீங்கள் பாரிஸ் புறநகர்ப் பொபினி என்பதால் சொல்கிறேன். லஸ்கோவில் இறங்கிய நான்கு பையன்களில் ஒருவர் சிமோன் கோவென்காஸ், யூதர். குடும்பம் பாரிசுக்குத் திரும்பிய பிறகு கைதானார்கள். அவரை அடைத்து வைத்தது போர்க்காலத்தில் யூதர்களைப் பிடித்து வைத்த ட்ரான்சி முகாமில், உங்கள் பக்கத்து ஊர். வயது குறைவு என்பதால் அவர் வெளியே வந்தார். பெற்றோர் நாஜிகளின் அவுஷ்விட்ச் முகாமில் கொல்லப்பட்டார்கள். அவர் 2020 வரை வாழ்ந்தார். ட்ரான்சியில் முகாமுக்கு எதிரே 2012-இல் திறந்த நினைவகம் இருக்கிறது. லஸ்கோவின் கதையை முழுசாகச் சொல்ல வேண்டும் என்றால் மகளை அங்கேயும் ஒரு நாள் கூட்டிப்போங்கள். அதற்குக் காரே தேவையில்லை.

பொபினி வாசகி

தினமும் பேருந்தில் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். இது எனக்குத் தெரியாது. மகளிடம் இப்போதுதான் படித்துக் காட்டினேன், அவளும் வகுப்பில் ட்ரான்சிக்குப் போயிருக்கிறாளாம்.

இரவுப்பணி

தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். அங்கே சைவச் சாப்பாடு கிடைக்குமா? எனக்கு நினைவில் இருப்பதெல்லாம் வாத்து, வாத்து, அப்புறம் வாத்து ஈரல்.

தெல்லிப்பழை அக்கா

சார்லா சந்தை புதனும் சனியும். ஆட்டுப்பால் சீஸ், வால்நட், காளான், ஸ்ட்ராபெரி எல்லாம் வாங்கி வீட்டில் சமையுங்கோ. உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள், உணவகத்தில் கேட்டுப் போட்டுச் சாப்பிடுங்கோ.

புதுவைச் சந்து

சந்தைக்குப் போனால் அங்கே இடிந்துகிடந்த சேன்ட் மரி தேவாலயத்தை மூடிய சந்தையாக மாற்றியிருப்பதையும் பாருங்கள். வாசலில் வானத்துக்கு எழும்பும் இரும்புக் கதவுகள். கட்டடக் கலைஞர் ஜான் நூவேல் செய்தது, அவர் சார்லாவில் வளர்ந்தவர். பெரிகெ நகரத்தில் அவரே கட்டிய வெசுன்னா அருங்காட்சியகம் உண்டு. ரோமானியர் காலத்துப் பெரிய வீடு ஒன்றின் அடித்தளம் அகழ்வில் கிடைத்தது. அதன் மேலேயே கண்ணாடிச் சுவரும் பெரிய கூரையுமாக எழுப்பிவிட்டார், 2003-இல் திறந்தது. வீட்டின் மேலே போட்ட மரப் பாலங்களில் நடந்து அறைகளைப் பார்க்கிறோம். இங்கே நகல் பேச்சே இல்லை, பார்க்க வந்த பொருளின் மேலேயே அருங்காட்சியகம் உட்கார்ந்திருக்கிறது. சார்லாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஊருக்குத் திரும்பும் வழியில் வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

கோடுகள்

கிராமங்களில் சின்னச் சின்ன இடங்களையும் விட்டுவிடாதீர்கள். சோர்ழ் ஊரில் ட்ரஃபிள் காளானுக்கென்றே ஓர் அருங்காட்சியகம், பெர்ழெராக்கில் புகையிலைக்கு ஒன்று. புகையிலை அந்தப் பக்கத்து விவசாயிகளின் வாழ்க்கையாகவே இருந்தது. சாலையோரம் கறுப்பு மரப்பலகை அடித்த உயரமான கொட்டகைகளைப் பார்ப்பீர்கள், இலை உலர்த்தக் கட்டியவை. அருங்காட்சியகத்துக்குப் போய் வந்த பிறகுதான் அவை கண்ணிலேயே படும்.

இன்னொன்று, பழைய தேவாலயம், நகராட்சி மண்டபம், வைக்கோல் கொட்டகை என்று எங்கே பார்த்தாலும் உள்ளூர் ஓவியர்களின் கண்காட்சி வைத்திருப்பார்கள், கோடையில் அதிகம். பாதி சுமார்தான், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் வரைந்தவரே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், பேசலாம், காசும் கேட்க மாட்டார். ரொட்டிக் கடைக் கதவில் ஒட்டிய காகிதத்தைப் படியுங்கள், இணையத்தில் கிடைக்காத தகவல் அங்கே இருக்கும்.

நெறியாளர்

நல்ல இழை. மேலே ஒட்டிவைக்கிறேன். விடுமுறை நாள் பற்றி யாராவது சொன்னால் வாசகிக்கு உதவியாக இருக்கும், கிராமப் பக்கம் பலர் மாட்டிக்கொள்வது அதில்தான்.

கற்குவியல்

நாள் விஷயம்: பள்ளி விடுமுறைக்கு நாட்டை ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். பாரிஸ் பகுதி சி மண்டலம். தோர்தோன், போர்தோ கல்வி வட்டத்தைச் சேர்ந்தது, அது ஏ மண்டலம். உங்களுக்கு ஏப்ரல் விடுமுறை விடும்போது உள்ளூர்ப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் வாரமும் உண்டு, அது கிடைத்தால் கூட்டம் குறைவு. ஆனால் துலூஸும் சி மண்டலம்தான், அவர்கள் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். சனி ஞாயிறை லஸ்கோவுக்கு வைக்காதீர்கள்.

அப்புறம் மதியம். கிராமத்து அருங்காட்சியகம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குப் பூட்டிவிட்டு இரண்டு மணிக்குத்தான் திறக்கும். பதினொன்றேமுக்காலுக்கு உள்ளே போனால் சாவிக் கொத்தோடு ஒருவர் பின்னாலேயே வருவார். ஒரு சிற்றூரில் எனக்கு அது நடந்தது, அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கும் சாப்பாடு இருக்கிறதே. காலையில் ஒன்று, மதியம் ஆறுதலாகச் சாப்பாடு, பிற்பகலில் வேண்டுமானால் இன்னொன்று. அதற்கு மேல் வேண்டாம்.

பொபினி வாசகி

எல்லோருக்கும் மிக்க நன்றி. வீட்டில் பேசிவிட்டோம். வாரநாள் காலையில் லஸ்கோ 4, ஐந்து பேரும். ஒரு நாள் ருஃபின்யாக், அதுவும் ஐந்து பேரும். லேசெசியில் மகளும் நானும் ஃபோன்-து-கோம் ஏறுகிறோம், அந்த நேரம் கணவர் மற்றவர்களை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவார். மிலாந்து நிச்சயம். புகையிலை, ட்ரஃபிள் எல்லாம் வானிலையைப் பார்த்து. பொடியன் தம்பி, படகும் விடுகிறோம்!

கடைசியாக ஒன்று: லேசெசிக்குச் செவ்வாய்க்கிழமை போகலாம் என்று இருக்கிறோம். சரிதானே?

புதுவைச் சந்து

செவ்வாய் வேண்டாம்! தேசிய அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் செவ்வாயில் மூடும். லேசெசியில் ஜூலை, ஆகஸ்ட் தவிர மற்ற மாதங்களில் அப்படித்தான். நகராட்சி அருங்காட்சியகங்கள் பல திங்களில் மூடும். விடுமுறை மே 1 வரை நீண்டால் அன்றைக்கு எதையும் நம்ப வேண்டாம். புதனோ வியாழனோ வையுங்கள். ஃபோன்-து-கோமுக்கு இன்றைக்கே இணையத்தில் இடம் பாருங்கள், அங்கே இடம் கிடைக்கிற நாளை வைத்து மற்றதை மாற்றிக்கொள்ளலாம்.

பொபினி வாசகி

வியாழன் காலை இரண்டு இடம் கிடைத்துவிட்டது.